மூண்டு விழேல்ல

“நானா, அவரைக் கபுறுக்குள்ள இறங்க விடாதீங்கோ.”

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை வாளிக்குள் சரித்துக்கொண்டிருந்த முன்ஸிர், கிடாரத்தைப் பாதியில் நிமிர்த்தினான். குசினிக்குப் பின்னால் அவனும் தங்கச்சி ஷமீலாவும் மட்டும்தான் நின்றார்கள். வேலியோரம் சீலை கட்டி மறைத்த இடத்தில், இறந்துபோன தம்பி றிஷாட்டின் மையத்தைக் குளிப்பாட்ட ஆண்கள் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள்.

“எவர?”

“என்ட மனுசன.”

“அன்ஸாரையா? விசரா உனக்கு?”

“தம்பிட காருக்கு அவர் பிழையான ஒயில விட்டிருக்கிறார், நானா. அதாலதான் கியர் விழேல்ல. அதாலதான் அவன் மரத்தில கொண்டுபோய் அடிச்சவன்.”

முன்ஸிர் அவளை உற்றுப் பார்த்தான். அவன் புத்தளத்திலிருந்து விடியத்தான் வந்து சேர்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்தது விபத்து ஒன்று நடந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தது, மௌத்தானது, இவ்வளவுதான். வாப்பா இல்லாத வீட்டில் தம்பியைக் குழிக்குள் நின்று கையில் வாங்க வேண்டியவர்கள் மூத்தவனும் மச்சானும் என்று யாரும் யாரையும் கேட்காமலே முடிவாகியிருந்தது.

“ஒயிலால ஆள் சாவுறதே?”

“சாவும்.”

“இஞ்ச பார் ஷமீலா. இது சொல்லிப்போட்டுத் திருப்பி விழுங்கிற கதையில்ல. ஊர் முழுக்க நிக்கும். அவனை நான் மறிச்சா ஏன் எண்டு கேப்பாங்கள். நாளைக்கு நீ அவனோடதான் சோறு தின்னோணும்.”

“தெரியும்.”

“உறுதியாத் தெரியுமா?”

“என்ட மூக்கு பிழைக்காது.”

மறைப்புக்குள்ளிருந்து யாரோ, “தண்ணி வருமா, வராதா?” என்று குரல் கொடுத்தார்கள். முன்ஸிர் வாளியைத் தூக்கினான். இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தான். “சரி,” என்றான். எதற்குச் சரி என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய தாடை இறுகியிருந்த விதத்தில் ஷமீலாவுக்கு விளங்கியது.

மூக்கு பிழைக்காது என்று அவள் சொன்னது பெருமைக்காக அல்ல. முள்ளியவளை றோட்டில் அன்ஸார் நடத்துகிற ட்ரக்டர் சாமான் கடையில் பின்னேரங்களில் இருப்பவள் அவள்தான். ஒயில் கான்களில் ஒட்டியிருக்கிற தாளெல்லாம் வெயிலில் வெளிறிப் போனாலும், மூடியைத் திறந்து மணந்தே இது எஞ்சினுக்கு, இது பிரேக்குக்கு, இது ட்ரக்டரின் பின்சில்லு அச்சுக்கு என்று எடுத்துக் கொடுப்பாள். அந்த அச்சு ஒயிலின் மணம் வேறு எதற்கும் கிடையாது. அவிந்து கெட்டுப்போன முட்டையையும் வெடித்த பட்டாசையும் சேர்த்து அரைத்ததுபோல இருக்கும். கந்தகம். ஒருதரம் சேர்ட்டில் பட்டால் தோய்த்துக் காயவைத்த பிறகும் போகாது.

வயல் செய்கிற ஊரில் எல்லாரும் கேட்பது ‘தொண்ணூறு’. “அக்கா, ஒரு கான் தொண்ணூறு தாங்கோ.” லான்ட்மாஸ்டர் கை ட்ரக்டருக்கும் அதுதான், லொறிக்கும் அதுதான், பழைய ஜீப்புக்கும் அதுதான். தொண்ணூறு என்பது தடிப்பை மட்டும் சொல்கிற இலக்கம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. தடிப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கலந்திருக்கிற மருந்து வேறு. அதைச் சொல்வதற்கு கானில் இன்னொரு குறி இருக்கும், ஜீஎல் நாலு, ஜீஎல் அஞ்சு என்று. அஞ்சைக் கண்டால் ஆட்கள் நாலைத் தொடமாட்டார்கள். பெரிய இலக்கம் நல்ல சாமான் என்று ஒரு நினைப்பு. உண்மையில் ஒன்று மற்றதைவிடத் திறம் என்றில்லை. கந்தகம் கூடின அஞ்சு, பாரம் இழுக்கிற அச்சுக்குள் பல்லும் பல்லும் உராய்ந்து தேயாமலிருக்கவென்று செய்த சாமான். கையால் கியர் போடுகிற காரின் பெட்டிக்குள் அதை விட்டால் கதை மாறிவிடும்.

இதை அவளுக்குச் சொல்லித் தந்தவனே றிஷாட்தான். போன மாதம் கொழும்பில் ஒருவரிடமிருந்து இரண்டு கதவுள்ள பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்தான். பார்க்கச் சின்னது. எஞ்சின் மட்டும் உதைத்துக்கொண்டு பாயும். அடுத்த வருடம் றேஸ் ஓடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கடை வாசலில் சாக்கை விரித்துப் படுத்து, காருக்குக் கீழே தலையைக் கொடுத்தபடி பாடம் நடத்துவான்.

“ராத்தா, ஓடுற பஸ்ஸில ஏறுறவனை நினைச்சுப் பாருங்கோ. சும்மா பாய்ஞ்சா விழுவான். கம்பியப் பிடிச்சு, பஸ்ஸோட சேர்ந்து கொஞ்சம் ஓடி, பஸ்ஸிட வேகம் தனக்கும் வந்தாப் பிறகுதான் காலைத் தூக்கி வைப்பான். கியரும் அப்பிடித்தான். உள்ளுக்க ஒரு பித்தளை வளையம் இருக்கு. அது போய்ப் பிடிக்கும், உரசும், ரெண்டு பக்கமும் ஒரே வேகமாகும், பிறகு கியர் பூப்போல விழும்.”

“அப்ப ஒயில் என்னத்துக்கு?”

“ஒயில் வேணும். ஆனா வழுக்கு அளவா இருக்கோணும். பஸ்ஸில ஏறுறவன்ட கையில எண்ணெயப் பூசிவிட்டா?”

“விழுந்து பல்லுப் போகும்.”

“அதுதான். உங்கட மனுசன்ட தொண்ணூறு அப்பிடி. போதாததுக்கு அந்தக் கந்தகம் பித்தளையத் தின்னும்.”

கடைக்குள்ளிருந்து அன்ஸார் சத்தம் போடுவான். “ஓமடா, உன்ட காருக்கு அத்தரா ஊத்துறது? ஊர்ல எல்லா வாகனமும் என்ட தொண்ணூறிலதான் ஓடுது.”

“மச்சான், ட்ரக்டர் ஒயில என்ட காருக்குக் கிட்டக் கொண்டுவந்தீங்க எண்டா உங்களுக்கு மேல வழக்குப் போடுவன்.”

“போடு. நீதவானும் என்னட்டத்தான் ஒயில் வாங்குறவர்.”

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். 

விபத்துக்கு முதல் நாள் பின்னேரம், வீட்டுக் கொட்டிலுக்குள் றிஷாட்டும் அன்ஸாரும் காரோடு நின்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்து அவள் தேத்தண்ணி கொண்டுபோனபோது றிஷாட் முகம் சிவந்து வெளியே வந்தான். “எனக்கு நீங்க சொல்லித் தரத் தேவையில்ல,” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியையும் குடிக்காமல் போனான். அன்ஸாரிடம் கேட்டாள். “ஒண்டுமில்ல, ஒயில் மாத்தினது,” என்றான். அவனுடைய சேர்ட்டில் கந்தகம் மணத்தது. கையிலும் மணத்தது. அன்றைக்கு ட்ரக்டர் வேலை எதுவும் கடைக்கு வரவில்லை என்பது கடையிலிருந்த அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மாங்குளம் றோட்டில் றிஷாட் ஒரு டிப்பரை முந்தப் போனான். எதிரே பஸ் வந்தது. டிப்பர்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார்: “எஞ்சின் கத்தினது கேட்டது தங்கச்சி, ஆனா கார் இழுக்கேல்ல. எனக்குப் பக்கத்திலயே நிண்டமாதிரி இருந்திச்சு. பிறகு வெட்டிக்கொண்டு போய் பாலை மரத்தில அடிச்சுட்டு.” எஞ்சின் கத்தியும் கார் இழுக்கவில்லை என்றால் இடையில் கியர் இல்லை என்று அர்த்தம். நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கப் போயிருக்கிறான். அது விழவில்லை.

றிஷாட்டும் அதைத்தான் சொன்னான். கண் திறந்திருந்த ஒரே ஒரு பின்னேரத்தில், “மூண்டு விழேல்ல, ராத்தா,” என்றான்.  கட்டிலின் மற்றப் பக்கம் நின்ற அன்ஸார் அதைக் கேட்டதும் வெளியே போய்விட்டான்.

பொலிஸ் காரைச் சோதித்துப்போட்டு விட்டது. பிரேக்கைப் பார்த்தார்கள், ஸ்டியரிங்கைப் பார்த்தார்கள். கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை. அன்ஸார்தான் ஆளைப் பிடித்துக் காரைக் கட்டியிழுத்து வந்து, கொட்டிலுக்குள் விட்டு, தறப்பாளால் மூடினான். “ஒருத்தரும் தொடக் கூடாது,” என்றான். அதன்பிறகு விடியற்காலையில் ஒரு வாளியோடு தனியே அதற்குள் போனதை அவள் கண்டாள். வந்து பைப்படியில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினான். ஏதோ சீலைத் துண்டுகளை வேலிக்குப் பின்னால் போட்டு எரித்தான்.

நேற்று மௌத்துச் செய்தி வந்த பிறகு, உம்மாவைப் படுக்கவைத்துவிட்டு அவள் நேராகவே கேட்டாள். “அவன்ட காருக்கு என்ன ஒயில் விட்டனீங்கள்?”

அன்ஸார் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. “அதை இப்ப கதைச்சு என்ன?” என்றான்.

பிழையில்லாதவன் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பான். நல்ல ஒயில் என்று. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்றோடுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து விழுந்தது.

அஸர் தொழுகை நேரம் நெருங்கியது. பெண்கள் கடைசியாக முகம் பார்த்தார்கள். உம்மா சபூறா, மகனுடைய நெற்றியில் கை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு மையத்தை ஏற்றிய சந்தூக்கு வாசலுக்கு வந்தது. தலைமாட்டுப் பக்கத்தை முன்ஸிரும் அன்ஸாரும் தோளில் ஏற்றினார்கள். அன்ஸார் புதுச் சாரம் கட்டியிருந்தான். வெள்ளை. நேற்று அழுதுகொண்டே அவள்தான் அதை ஸ்திரி போட்டாள், அவனுக்கென்று நினைத்தல்ல, கை சும்மா இருக்கமாட்டாமல்.

கலிமாச் சத்தம் ஒழுங்கையால் திரும்பித் தேய்ந்தது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீடு சட்டென்று பெண்களால் மட்டும் நிறைந்தது. யாரோ குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். பக்கத்து வளவு விமலேஸ்வரி அக்கா பெரிய கேத்தலில் பிளேன்டீயோடு வந்தா.

“நீயும் ஒரு வாய் குடி பிள்ளை. நேத்தையில இருந்து பச்சைத்தண்ணி படேல்ல.”

“வாறன் அக்கா.”

“எங்க போறாய்?”

“கொட்டிலுக்கு.”

“அதை ஏன் இப்ப பாக்கிறாய்? பாத்து என்ன வரப்போகுது?”

ஷமீலா பின்வாசலால் இறங்கினாள். ஆண்கள் திரும்பி வருவதற்குள் அவளுக்கு ஒன்று கையில் வேண்டும். நாளைக்கு அன்ஸார் மறுத்தால் முன்னால் வைக்க ஒன்று.

தறப்பாளை இழுத்தபோது முதலில் வந்தது சவர்க்காரத் தூளின் மணம். அவள் எதிர்பார்த்தது அதுவல்ல. முன்பக்கம் நெளிந்து, கண்ணாடி உதிர்ந்து கிடந்தது. ஆனால் சாரதி ஆசனம் தேய்த்துக் கழுவியிருந்தது. மெத்தையின் தையல் இடுக்குகளில்கூடத் தும்பு விட்டுத் தேய்த்திருந்தான். கதவின் உட்பக்கம், காலடி விரிப்பு, பெல்ட் பட்டி, எல்லாம். பட்டியின் மடிப்பில் மட்டும் கழுவக் கழுவப் போகாத ஒரு இரத்தப் பழுப்பு நின்றது.

வாளி, எரித்த சீலை, முழங்கை வரைக்கும் கழுவினது. உம்மா எப்படியும் ஒருநாள் இந்தத் தறப்பாளைத் தூக்குவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் பட்டியைக் கையிலிருந்து விட்டாள். பிறகு தலையை உலுப்பிக்கொண்டாள். ஆசனத்தைக் கழுவினால் ஒயில் சரியாகிவிடுமா?

இடப்பக்க முன்சில்லு கழன்றிருந்ததால் கியர் பெட்டி கண்ணுக்கு நேரே தெரிந்தது. பெட்டியின் விலாவில் எண்ணெய் விடுகிற துளையும், அதை அடைத்த மரை ஆணியும். நிரப்பும்போது அந்தத் துளையின் விளிம்பு வரைக்கும் எண்ணெய் நிற்க வேண்டும், வழிந்தால் போதும் என்று அர்த்தம், வேறு அளவுகோல் கிடையாது. ஸ்பனரைப் போட்டு அழுத்தினாள். ஆணி இறுக்கமாக, ஆனால் சேதமில்லாமல், கவனமாகப் பூட்டிய ஒருவனுடைய கையை நினைவூட்டிக்கொண்டு திரும்பியது. ஒரு சிறு ஓடையாக எண்ணெய் அவளுடைய விரல்களில் வழிந்தது.

தேன் நிறம். ட்ரக்டர் ஒயிலைவிட மெல்லியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தாள். அளவான வழுக்கு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

கந்தகம் இல்லை.

மறுபடியும் துளைக்குள் விரலை விட்டு எடுத்து மணந்தாள். பாவாடையில் துடைத்துவிட்டு மற்றக் கையால் தொட்டு மணந்தாள். இல்லை. றிஷாட் கேட்ட அதே எண்ணெய். கடையில் இல்லாத சாமான். அன்ஸார் எங்கேயோ சொல்லி எடுப்பித்திருக்கிறான்.

அப்படியானால் அந்தச் சேர்ட்டின் மணம்?

கொட்டிலின் மூலையில், பலகையால் மூடிய ஒரு பெயின்ற் வாளி இருந்தது. பலகையைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது. கெட்ட முட்டை, பட்டாசு. கறுத்த பழைய எண்ணெய். காரிலிருந்து இறக்கியது. கொழும்பில் இந்தக் காரை வைத்திருந்த யாரோ, அஞ்சு நல்லதென்று நினைத்து வருடக் கணக்காக விட்டு ஓடிய எண்ணெய். அன்ஸாருடைய கையில் மணந்தது அவன் உள்ளே விட்டதல்ல. வெளியே எடுத்தது.

அவள் வாளியை மெதுவாகச் சரித்தாள். மேலே நின்ற கறுப்பு ஒரு பக்கம் ஒதுங்க, அடியில் படிந்திருந்தது தெரிந்தது. மினுமினுவென்று, மஞ்சள் பொடி. ஒரு நாளில் தேய்ந்து உதிர்ந்ததல்ல அது. தேய்ந்த பித்தளையை எந்த நல்ல ஒயிலும் திருப்பி வளர்க்காது. இதைக் கண்ட எவனுக்கும் பெட்டிக்குள் வளையம் போய்விட்டது, ஒயில் மாற்றினால் மட்டும் காணாது, பெட்டியைத் திறக்க வேண்டும் என்று விளங்கும். அன்ஸாருக்கு விளங்கியிருக்கிறது. வாளிக்கு மேலே தட்டில், எண்ணெய்த்தாளில் சுற்றி, பிந்தி வந்து தொடப்படாத புதுப் பித்தளை வளையங்கள் இருந்தன. அவற்றோடு ஒரு கடதாசி மட்டைத் துண்டு, அன்ஸாருடைய கோணல் எழுத்தில்: றிஷாட் – 3. மூன்றாம் கியருக்கு.

எனக்கு நீங்க சொல்லித் தரத் தேவையில்ல என்று தம்பி கத்தியது இதற்குத்தான். பெட்டியைத் திறக்கும்வரை காரை எடுக்காதே என்று அன்ஸார் சொல்லியிருக்கிறான். அவன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதைச் சொன்னால் பிழை மௌத்தானவன் தலையில் விழும். உம்மாவின் காதிலும் விழும். அதை இப்ப கதைச்சு என்ன?

அவள் ஓடினாள். பெண்களுக்கு நடுவால், விரித்த பாய்களை மிதித்துக்கொண்டு, அறைக்குள் போய்த் தன் போனை எடுத்து முன்ஸிருக்கு அடித்தாள். மணி கேட்டது. பக்கத்திலேயே கேட்டது. அலுமாரிக்கு மேலே சார்ஜில் கிடந்த முன்ஸிரின் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

அன்ஸாருக்கு அடித்தாள். நிறுத்தி வைத்திருந்தான்.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?” விமலேஸ்வரி அக்கா வாசலில் மறித்தா. “கையெல்லாம் என்ன?”

“நானாட்ட ஒண்டு சொல்லோணும் அக்கா. இப்பவே சொல்லோணும்.”

“அவையள் வரட்டுமேன். வந்தாப்போல சொல்லலாம்தானே?”

“வந்தாப் பிறகு சொல்லி…”

படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தாள். ஸ்கூட்டித் திறப்பு அவளுடைய கையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. மையவாடிக்குள் போகாவிட்டாலும் வாசலில் நின்று கூப்பிடலாம். பெண் வந்து நின்று கத்தினாள் என்று நாளைக்குக் கதைப்பார்கள். கதைக்கட்டும். ஸ்கூட்டியை ஸ்ராண்டிலிருந்து தள்ளியபோது ஒழுங்கை முடக்கில் முதல் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டமாக.

அவள் ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

முன்ஸிர் முன்னால் வந்தான். முழங்கால் வரை மடித்துக் கட்டிய சாரத்தில் ஈரமண் அப்பியிருந்தது. கைகளில், தாடியில், தொப்பியில்கூட மண். அவனோடு பாங்கு சொல்கிற பள்ளி மோதினார், கன்னங்களில் மண். அவளைக் கண்டதும் முன்ஸிர் மிகச் சிறிதாகத் தலையாட்டினான். நீ சொன்னதைச் செய்துவிட்டேன் என்பதுபோல.

“என்னோட மோதினார்தான் இறங்கினவர்,” என்று மட்டும் சொன்னான். பைப்படிக்குப் போனான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகால் கழுவினார்கள்.  இரண்டொருவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்கக் குனிந்து காலைத் தேய்த்தார்கள். கலங்கிய தண்ணீர் செவ்வாழை அடிக்கு ஓடியது.

அன்ஸார் கடைசியாக வந்தான். தனியே வந்தான். ஸ்திரியின் மடிப்பு கலையாத சாரம், காலையில் கட்டியதுபோலவே வெள்ளையாக இருந்தது. பைப்படியில் எல்லாரும் விலகும்வரை நின்றான். பிறகு போய்க் குழாயைத் திறந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். கழுவுவதற்கு அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

நிமிர்ந்தபோது ஷமீலா நின்றாள். அவளுடைய கைகளைக் கண்டான். ஒன்றில் தேன் நிறம், மற்றதில் கறுப்பு. கறுப்புக்குள் நுண்ணிய மஞ்சள் மினுக்கம். அவன் நெடுநேரம் அதைப் பார்த்தான். என்ன ஒயில், எங்கிருந்து, எதைத் திறந்தாள் என்று கேட்கத் தேவையில்லாதவன்.

அவள் பைப்படிக்குக் கிட்ட வந்தாள். 

அன்ஸார் குழாயை மூடினான். மதிலிலிருந்த சவர்க்காரத் தூள் பெட்டியை எடுத்தான்.

“தண்ணி பட முதல் தூளைப் போட்டுத் தேய்,” என்றான். “பிறகு கழுவினாத்தான் மணம் போகும்.”

அவள் கைகளை நீட்டினாள். அவன் தொடாமல், மேலேயிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைத் தட்டினான். அவள் தேய்க்கத் தேய்க்கக் கறுத்த நுரை சொட்டியது. தன் சாரத்தில் படாமலிருக்க அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.